கடலிற் சேரும் ஆற்றுநீர் வீணாகுமா? திருவள்ளூர் ஜில்லா ஆறுகளும் நாட்டு மீன்வளமும்

திருவள்ளூர் ஜில்லாவில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறுகளில் வெள்ளம் வந்து இறங்கியபின், விவசாயிகள் கூடுமிடங்களிலெல்லாம் ஒரு பேச்சு எழுவதுண்டு. “இத்தனை தண்ணீரும் கடலிற் போய் வீணாயிற்றே” என்பதே அப்பேச்சு. சித்திரை, வைகாசியில் கிணறுகள் வற்றி, பயிர் தண்ணீருக்குத் தவிப்பதைக் கண்ட குடியானவர் இவ்வாறு வருந்துவது இயல்பே. ஆயினும் ஆற்றுநீர் கடலைச் சேர்வதனால் யாதொரு பயனுமில்லை என்ற எண்ணம் முற்றிலும் சரியன்று. அந்நீரில் ஒரு பாகம் நமது நாட்டு மீன்களைப் பெருக்குகிறது. ஏரியையும் கழிமுகத்தையும் உயிருடன் வைத்திருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, உப்புநீர் நமது கிணறுகளுக்குள் ஏறிவராமற் காக்கிறது. எந்தப் பாகம், எக்காலத்தில், எவ்வாறு விடப்பட வேண்டும் என்பதே யோசிக்கத்தக்க விஷயம். அதனை நிலச்சொந்தக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்து நடக்க உதவுமாறு இங்குச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

இரண்டு ஆறுகளின் வரலாறு

இந்த ஜில்லாவின் வடபாகத்துக்கு ஆரணியாறும் கொசத்தலையாறும் ஜீவாதாரமானவை. ஆரணியாறு ஆந்திர ராஜ்யத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டையை அடுத்து நமது எல்லைக்குள் நுழைகிறது. பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வழியில் சுருட்டப்பள்ளி, ஏ. ரெட்டிப்பாளையம், லட்சுமிபுரம் முதலிய இடங்களில் அணைக்கட்டுகள் உள்ளன. கொசத்தலையாறோ, நகரியாற்றின் நீரையும் ஏற்றுக்கொண்டு பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் வழியாகச் சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு சேருகிறது.

இவ்விரு ஆறுகளின் நீரும் இன்று பலவாறு பங்கிடப்படுகிறது. சென்னை நகரத்தின் குடிநீருக்காகச் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் கொண்டுசெல்லும் திட்டம் 1872-ம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கொசத்தலையாற்று நீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரத்துக்கும், அங்கிருந்து செங்குன்றத்துக்கும் திருப்பப்படுகிறது. 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1983-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நதிநீர் 1996-ல் பூண்டிக்கு முதன்முறையாக வந்து சேர்ந்தது. 2020-ல் கும்மிடிப்பூண்டி தாலூகாவில் கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. அது 500 மில்லியன் கன அடி கொள்ளும்.

இவ்வேலைகள் யாவும் அவசியமானவையே. ஆனால் இவற்றின் பலனாக ஆற்றின் இயல்பு மாறிவிட்டதென்பதையும் மறுப்பதற்கில்லை. முற்காலத்தில் வெள்ளம் படிப்படியாக ஏறி, சில வாரங்கள் ஓடி, பின்னர் மெல்ல வடிந்து, மடுக்களில் நின்று, கோடையிலும் ஆங்காங்கே ஊற்றெடுத்துக்கொண்டிருந்தது. இப்பொழுதோ பெருமழைக் காலத்தில் நீர்த்தேக்கம் நிரம்பியபின் மிகுந்த நீர் சில நாட்களில் ஒரேயடியாக வெளிவிடப்படுகிறது. மற்ற மாதங்களில் அணைக்கட்டுக்குக் கீழே வெறும் மணலே காணப்படுகிறது. மணலும் பல இடங்களில் அளவுக்கு மேல் அள்ளப்பட்டு, மடுக்களின் அமைப்புக் குலைந்திருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் மொத்த நீரின் அளவு எவ்வளவு என்பது மட்டுமன்று, அது எந்த மாதத்தில் எவ்வாறு ஓடுகிறது என்பதும் ஜீவராசிகளுக்கு முக்கியமாகும்.

மீன்களின் மூவகை வாழ்க்கை

நமது ஆறுகளிலும் ஏரிகளிலும் காணப்படும் மீன்களை, அவற்றின் போக்குவரத்தைக் கொண்டு மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ஆயுள் முழுவதும் நன்னீரிலேயே வாழ்பவை. விரால், குறவை, கெளுத்தி, தேளி, வாளை, ஆரல், அயிரை, பலவிதக் கெண்டைகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கெண்டை இனங்களிற் பல, மழைக்காலத்துப் புதுவெள்ளம் வந்தவுடன் ஆழமான இடத்தை விட்டு எதிர்நீரில் ஏறி, நீர் பரவி நிற்கும் ஆழமற்ற தாழ்விடங்களிலும் வயல் ஓரங்களிலும் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் அங்கே சில வாரம் மேய்ந்து, நீர் வடியும்போது ஏரிக்கும் ஆற்றுக்கும் திரும்புகின்றன. ஆகையால் ஆறு, வரத்துக்கால், ஏரி, வயல் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று தொடர்புள்ளனவாக இருந்தாற்றான் இம்மீன்கள் பெருகும். பனையேறிக் கெண்டை ஈரத்தரையில் ஊர்ந்தே ஒரு குட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வல்லது. தரங்கம்பாடியில் இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக 1791-ல் டால்டார்ப் என்னும் டேனிஷ் ராணுவ அதிகாரி குறித்துவைத்தார். ஆனால் எல்லா மீன்களுக்கும் அத்திறமை இல்லை; மற்றவற்றுக்குத் தடையற்ற நீர்வழி வேண்டும்.

விராலைப் பற்றி ஒரு விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. தாயும் தந்தையுமாகிய இரு மீன்களும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கின்றன. செந்நிறக் குஞ்சுகள் நீரின் மேற்பரப்பில் திரள்திரளாக எழுவதைக் கண்டு, அதன் கீழ் நிற்கும் பெரிய மீனைக் குத்திப் பிடிப்பது கிராமங்களில் வழக்கம். அவ்வாறு ஒரு ஜதை விராலைப் பிடித்தவுடன், காவலற்ற குஞ்சுகள் அனைத்தும் மற்ற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. ஒரு வேளைக் கறிக்காக ஓராண்டுப் பலனை அழிப்பது விதைநெல்லைக் குத்தி உண்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வகை, நன்னீரில் வளர்ந்து முட்டையிடுவதற்காகக் கடலையோ உப்புநீரையோ நாடிச் செல்பவை. விலாங்கு ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, பின் ஆழ்கடலுக்குச் சென்று முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கழிமுகத்தின் வழியாக மீண்டும் ஆற்றில் ஏறுகின்றன. கொடுவா மீனும் கழிமுகத்தை ஒட்டிய கடல்நீரில் முட்டையிட, அதன் குஞ்சுகள் மேல்நோக்கி ஏறி வளர்கின்றன. பெரிய ஆற்று இறால் நன்னீரில் வாழ்வதாயினும், அதன் இளங்குஞ்சுகள் உவர்நீரின்றிப் பிழைப்பதில்லை.

மூன்றாவது வகை, கடலிற் பிறந்து, பழவேற்காடு, எண்ணூர் போன்ற உவர்நீர்ப் பரப்புகளில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குச் செல்பவை. மடவை, வெள்ளை இறால் முதலியவை இத்தகையவை. கடல்நீரில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு உள்ளது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து கலக்கும்போது ஏரியின் உப்பு வெகுவாகக் குறைகிறது. அந்நீரோடு வரும் வண்டலினால் நுண்ணுயிர்கள் செழித்து, குஞ்சுகளுக்கு இரை பெருகுகிறது. ஆற்றுநீர் வராவிடின், கோடையில் ஏரியின் சில பாகங்களில் உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடுகிறது.

பழவேற்காட்டு மீனவர்கள், ஏரியிலுள்ள இறால் பிடிக்கும் இடங்களைத் தங்களுக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றனர். ஏரிப் பாசனத்தில் நாம் முறைத் தண்ணீர் வைத்துக்கொள்வதைப் போன்றதே இதுவும். ஆனால் அவர்கள் எவ்வளவு ஒழுங்காகப் பங்கிட்டாலும், மேலேயிருந்து நன்னீர் வந்தாலன்றிப் பங்கிடுவதற்கு ஒன்றும் இராது.

ஓட்டம் நின்றால் நேரும் கேடுகள்

ஆற்றோட்டம் குன்றுவதனால் நேரிடும் முதற்கேடு, முகத்துவாரம் அடைபடுவதாகும். கடலலை ஓயாது மணலைக் கொண்டுவந்து குவிக்கிறது. ஆற்றுவெள்ளமும் ஓதநீரும் சேர்ந்துதான் அதனைத் தள்ளி வழியைத் திறந்து வைக்கின்றன. உள்ளிருந்து தள்ளும் நீர் குறைந்தால் மணல் வெல்லுகிறது. பழவேற்காட்டு முகத்துவாரம் பலமுறை தூர்ந்துபோய், மீனவர்களே மணலை வெட்டி வழிசெய்துகொள்ள நேர்ந்திருக்கிறது. சர்க்காரும் பெருஞ்செலவில் தூர்வார வேண்டியிருக்கிறது. துவாரம் அடைபட்டால் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உள்ளே வர இயலாது. அதுமட்டுமன்று, மழைவெள்ளம் கடலுக்கு வடிய வழியின்றி ஆற்றோர வயல்களில் தேங்குவதற்கும் அஃது இடமளிக்கும். ஆதலின் முகத்துவாரம் மீனவருக்கு மட்டுமே உரிய விஷயமெனப் பொன்னேரித் தாலூகா விவசாயிகள் எண்ணிவிடலாகாது.

இரண்டாவது கேடு நேரே நமது கிணறுகளைத் தாக்குவது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஏனெனில் நன்னீர் இலேசானது. மணற்பாங்கான பூமியில், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே உத்தேசம் நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதனை மறுபுறமாக நோக்கினால் ஆபத்து விளங்கும். மேல்மட்டம் ஓர் அடி தாழுமாயின், கீழே உப்புநீர் நாற்பது அடி எழும்ப இடமுண்டாகிறது.

மீஞ்சூர்ப் பிரதேசத்தில் நிகழ்ந்தது இதுவே. ஆரணியாற்றுக்கும் கொசத்தலையாற்றுக்கும் இடைப்பட்ட அம்மணற்பாங்கான பூமியில் நகரக் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்குமாக ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நீர் மிகுதியாக இறைக்கப்பட்டது. கடல்நீர் உட்புகுவது 1960-களின் இறுதியிலேயே அறியப்பட்டது. பின்னர் அது கரையிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் உள்ளே முன்னேறியது. நல்ல நெல் விளைந்த நிலங்களில் கிணற்றுநீர் கரித்து, பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. ஒருமுறை உப்பேறிய மணற்படுகை மீண்டும் நன்னீராவதற்கு நெடுங்காலம் பிடிக்கும்.

உப்பை எதிர்த்து நிற்கக்கூடிய காவல், ஆற்றுப்படுகையின் வழியாகப் பூமிக்குள் இறங்கும் நன்னீரே. ஆரணியாற்றில் பாலேஸ்வரம் என்னுமிடத்தில் கட்டப்பட்ட தடுப்பணையை அண்ணா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, சுற்றிலுமுள்ள கிணறுகளில் நீரின் அளவும் தன்மையும் சீர்ப்பட்டதைக் கண்டிருக்கின்றனர். ஆகவே கடைமடைப் பாகத்துக்கு விடப்படும் நீர் முழுவதும் கடலுக்குப் போவதில்லை. வழிநெடுக மணலில் ஊறி, நமக்கே திரும்ப வந்து சேருகிறது. மீனுக்கு வேண்டிய ஓட்டமும் கிணற்றுக்கு வேண்டிய ஊற்றும் ஒன்றேயாதலால், இவ்விஷயத்தில் விவசாயியின் நலனும் மீனவரின் நலனும் ஒரே திசையில் நிற்கின்றன.

தொழிற்சாலைக் கழிவு

கும்மிடிப்பூண்டியிலும் எண்ணூர், மணலிப் பாகங்களிலும் தொழிற்சாலைகள் பெருகியிருப்பது யாவரும் அறிந்ததே. அவற்றால் அநேகம் குடும்பங்களுக்கு ஜீவனம் நடைபெறுகிறது. ஆயினும் சுத்திகரிக்கப்படாத கழிவு ஓடையிலும் வரத்துக்காலிலும் விடப்படுமாயின் அதனால் நேரும் நஷ்டம் அளவிடற்கரியது. கழிவிலுள்ள அழுகும் பொருள்கள் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. விரால், தேளி போன்ற மீன்கள் மேலெழும்பிக் காற்றைச் சுவாசித்துச் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும். கெண்டை முதலியவை உடனே மடியும். எனவே ஒரு நீர்நிலையில் விடியற்காலையிற் கெண்டை மீன்கள் மேற்பரப்பில் வாய்திறந்து திணறுவது கண்டால், அந்நீர் கெட்டுவருகிறதென்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கை. அதே நீர் நமது பயிருக்கும் கால்நடைக்கும் செல்லவிருக்கிறது என்பதை மறத்தலாகாது.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கசிந்து படிந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவி மீன்களும் வலைகளும் படகுகளும் நாசமானதும் சமீபகாலத்துச் சம்பவங்கள். இவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் விசாரணைக்கும் வந்தன. ஆற்றில் நீர் ஓடினால் கழிவு கரைந்து போய்விடும் என்று சிலர் சமாதானம் கூறுவர். அது தகாது. நன்னீரை விடுவது கழிவைக் கழுவுவதற்கன்று. கழிவு அஃது உண்டாகும் இடத்திலேயே சுத்திகரிக்கப்பட வேண்டும் என்பதே 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கருத்து.

நம்மிடமும் குறைகள் இல்லாமலில்லை. வயலில் பூச்சிமருந்து தெளித்த மறுநாளே நீரை வடிப்பதால் மருந்து ஓடையிற் சேருகிறது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்கும் கால்நடைக்கும் ஓரளவே கெடுதல் செய்பவையாயினும், மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சொற்ப அளவிலேயே கொடிய விஷமாகும். மருந்து தெளித்தபின் சில தினங்கள் வரை மடையை அடைத்து வைப்பதும், தெளிகருவிகளை ஏரியிலோ கால்வாயிலோ கழுவாதிருப்பதும் செலவில்லாத சிகிச்சையாம்.

அயல்நாட்டு மீன்கள்

நாட்டு மீன்களுக்கு மற்றொரு போட்டி அயலிடத்து மீன்களால் உண்டாயிற்று. இன்று ஜிலேபிக் கெண்டை என வழங்கும் மீன் ஆப்பிரிக்காவுக்கு உரியது. 1952-ல் இந்தியாவிற் கொண்டுவந்து விடப்பட்டது. அது குறைந்த வயதிலேயே, ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிப்பதால், ஏரியில் இடமும் இரையும் நிரம்ப எடுத்துக்கொண்டு தானும் சிறுத்துப்போகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியோ சிறுமீன்கள் யாவற்றையும் விழுங்குவது. அதனை வளர்ப்பதை இந்திய சர்க்கார் 2000-ம் ஆண்டிலேயே தடைசெய்தனர். எனினும் சில இடங்களில் இரகசியமாக வளர்க்கப்பட்டு, மழைக்காலத்தில் குட்டை வழிந்து ஆற்றிற் கலக்கிறது. வீட்டு மீன்தொட்டிகளைச் சுத்தம் செய்யுமென விற்கப்படும், உறிஞ்சும் வாயுள்ள அமெரிக்கக் கெளுத்தி வகையும் சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிற் பரவியிருக்கிறது. உடம்பெங்கும் கவசம்போன்ற ஓடுடைய இம்மீனை எந்த மீனும் எளிதில் உண்பதில்லை. கரையில் வளைதோண்டி முட்டையிடுவதால் ஏரிக்கரைக்கும் சேதமுண்டு. ஆகையால் எத்தகைய அயல்மீனையும் ஏரியிலோ ஆற்றிலோ விடாதிருத்தல் நலம். பண்ணைக்குட்டை வைத்திருப்போர் வழிந்தோடும் வாயில் கம்பிவலை பொருத்தி வைக்க வேண்டும்.

மற்ற இடங்களின் அனுபவம்

ஆற்றின் குறுக்கே அணை கட்டுவதால் மீன்கள் தடைப்படுவது புதிதாக அறியப்பட்ட சங்கதியன்று. பிரான்சிஸ் டே என்னும் மீனியல் நிபுணர், இந்தியா, பர்மா தேசங்களின் நன்னீர் மீன்களைக் குறித்து 1873-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே, அணைக்கட்டுகளும் மிகச் சிறிய கண்ணுடைய வலைகளும் விளைக்கும் நாசத்தை எடுத்துக்காட்டினார். அதன்பின் 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டு, நீரில் வெடிவைத்தும் விஷமிட்டும் மீன் கொல்வது குற்றமாக்கப்பட்டது.

கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உல்லம் மீனின் கதி இதற்குத் தக்க உதாரணம். கங்கையில் இம்மீன் முன்னர் அலகாபாத் வரையிலும் அதற்கு மேலும் ஏறிச் சென்றது. 1975-ல் பரக்கா அணைக்கட்டு இயங்கத் தொடங்கியபின் மேற்பாகத்தில் அம்மீன்பிடிப்பு அடியோடு சரிந்தது.

ஆஸ்திரேலியாவிலுள்ள மர்ரே நதியின் அனுபவம் நமது பழவேற்காட்டுக்கு மிகவும் ஒத்தது. அந்நதியும் ஓர் உவர்நீர்ப் பரப்பை ஒட்டிக் கடலிற் சேருகிறது. கடல்நீர் மேலேறாதிருக்க 1940-ல் முகத்துவாரத்துக்கு மேலே தடுப்பணைகள் கட்டி முடிக்கப்பட்டன; மேலே பாசனத்துக்கு நீர் பெரிதும் எடுக்கப்பட்டது. 1981-ல் முகத்துவாரம் முழுவதும் மணலால் அடைபட்டது. 2002-லிருந்து பல ஆண்டுகள் ஓயாது தூர்வார நேர்ந்தது. பின்னர் அந்நாட்டார், தடுப்பணைகளில் மீன் ஏறும் வழிகளை அமைத்தனர். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி நதிக்கென ஒரு பங்கு நீரை ஒதுக்கி, அதனை நிர்வகிக்கத் தனி அதிகாரியையும் நியமித்தனர். விவசாயத்தில் மிக முன்னேறிய தேசத்தாரே, நதியின் பங்கை முதலில் மறந்து, பிறகு பெரும்பொருள் செலவிட்டுத் திரும்பக் கொடுக்க வேண்டியதாயிற்று என்பது கருதத்தக்கது.

நமது தேசத்திலும் இக்கொள்கை ஏற்கப்பட்டுவிட்டது. மேற்கங்கையில் ஹரித்வாரம் வரையுள்ள பாகத்தில், நவம்பர் முதல் மார்ச் வரை வரும் நீரில் நூற்றுக்கு 20 பங்கும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 பங்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 பங்கும் ஆற்றிலேயே விடப்பட வேண்டுமென 2018-ல் மத்திய சர்க்கார் உத்தரவு பிறப்பித்தனர். மழைக்காலத்தில் மட்டுமே பெருகும் நமது ஆறுகளுக்கு இந்த விகிதம் அப்படியே பொருந்தாது. ஆனால் மாதத்துக்குத் தக்கபடி பங்கு வைக்கும் முறை நமக்கும் ஏற்றதே.

பயிருக்கு முன் மீனா?

இங்கே விவசாயிகள் ஓர் ஆட்சேபம் கூறக்கூடும். “பயிர் காயும் ஆண்டில் மீனுக்காகத் தண்ணீர் விடுவதா?” என்பர். இக்கேள்வி நியாயமானது, இதற்கு மழுப்பலின்றி விடை கூற வேண்டும்.

கடும்பஞ்ச காலத்தில் குடிநீரும் நிற்கும் பயிரும் முந்தியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மீன்களுக்கு மிகவும் தேவையான நீர், பயிருக்கு நெருக்கடியான மாதங்களில் வேண்டுவதன்று. அவற்றிற்கு இன்றியமையாத ஓட்டம் மழைக்காலத்து முதல் வெள்ளத்திலும் அதையடுத்த சில வாரங்களிலுமே. அக்காலத்தில் சம்பாப் பயிருக்கு மழையே பெரும்பாலும் போதியதாக இருக்கிறது. நீர்த்தேக்கம் நிரம்பும் வரை ஒரு சொட்டும் விடாது, நிரம்பியபின் ஒரே நாளில் திறந்துவிடுவதற்குப் பதிலாக, முன்கூட்டியே சிறிது சிறிதாக விட்டால், மீன் ஏறவும் மணல் ஊறவும் வழியுண்டாகும். கீழே உள்ள கிராமங்களுக்கு வெள்ளபயமும் குறையும். கோடையில் வேண்டுவது ஓட்டமன்று. மடுக்களில் எஞ்சிய நீரை முற்றும் இறைத்துவிடாமல் ஒரு பங்கு நிறுத்திவைப்பதே போதும். அம்மடுவிற் பிழைத்த மீன்களே அடுத்த ஆண்டின் விதை.

தடுப்பணைகளைப் பற்றியும் இவ்வாறே கொள்ளவேண்டும். அவை கிணறுகளுக்கு நன்மை செய்வன. மீனுக்கோ சுவராக நிற்பன. இதற்குப் பரிகாரம் அணையை வேண்டாமென்பதன்று. அணையின் ஒரு பக்கத்தில் கருங்கற்களைச் சாய்வாக அடுக்கி, இடையிடையே சிறு குழிகள் விட்டு, மீன் தங்கித் தங்கி ஏறக்கூடிய வழி அமைப்பதேயாம். புதிதாகக் கட்டும்போது இதனைச் சேர்த்துக் கட்டினால் செலவு சொற்பம். கட்டியபின் சேர்ப்பதுதான் கடினம். ஆகையால் தம் கிராமத்தில் தடுப்பணை வேண்டுமென மனுச் செய்வோர், மீன்வழியுடன் வேண்டுமென எழுதுதல் நன்று.

விவசாயிகள் செய்யத்தக்கவை

1. ஏரியோ குளமோ தூர்வாரும்போது அடியை ஒரே மட்டமாக்காமல், ஓரிடத்தில் ஆழமான மடு ஒன்று விட்டுவைத்தல் வேண்டும். கோடையில் அதன் நீரை இறைக்கலாகாது.

2. முதல் மழைக்குப் பின் சில வாரங்கள் வரை வரத்துக்கால், கலங்கல், மதகு ஆகிய இடங்களில் பறி வைத்தும் ஊத்தா போட்டும் சினை மீன்களைப் பிடியாதிருத்தல் வேண்டும். கொசுவலையால் அரித்துக் குஞ்சுகளை வாரிச் செல்வதை எக்காலத்தும் விலக்க வேண்டும்.

3. விரால் குஞ்சுக் கூட்டத்தோடு இருக்கும்போது பெரிய மீனைப் பிடிக்கலாகாது.

4. வரத்துக்கால்களை ஆக்கிரமிப்பின்றியும் புதரின்றியும் காத்தல், ஏரிக்கு நீர் வருவதற்கும் மீன் போவதற்கும் ஒருங்கே உதவும்.

5. மருந்து தெளித்த வயலின் நீரைச் சில தினங்கள் வெளிவிடாதிருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கவை

ஏரிகளின் மீன்பாசிக் குத்தகை ஏலம் விடப்படும் இடங்களில், குத்தகை நிபந்தனைகளில் மூன்றைச் சேர்ப்பது பெரும்பயன் தரும்: வலைக்கண் அளவு, இனப்பெருக்கக் காலத்து விடுமுறை, குத்தகை முடியுங்கால் ஏரியை முற்றும் வற்றடிக்கலாகாது என்பது ஆகியவை. குத்தகைதாரர் விடும் குஞ்சுகள் எந்த இனம் என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

ஓடையில் நீரின் நிறமோ வாசனையோ மாறினாலும், மீன் செத்து மிதந்தாலும், நாள், நேரம், இடம் ஆகியவற்றை அன்றே குறித்து, சுத்தமான பாத்திரத்தில் நீரெடுத்து வைத்து, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாசில்தாருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். இரவிலும் மழையிலும் கழிவு திறந்துவிடப்படுவதாகப் புகார்கள் எழுவதுண்டு. மறுநாள் போய்ப் பார்த்தால் சான்று நிற்பதில்லை. குறிப்பேடு ஒன்று தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் அதுவே வலிய சாட்சியாகும்.

பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரி இந்த ஜில்லாவுக்கு வாய்த்த ஓர் அனுகூலம். எந்த ஏரிக்கு எந்த நாட்டு மீன் ஏற்றது, எப்பொழுது விடலாம் என்பன போன்ற யோசனைகளை அங்கேயும் மீன்வளத் துறையினரிடமும் கேட்டறியலாம். அணைக்கட்டுகளில் மணற்போக்கிகளைத் திறக்கும் காலத்தைப் பற்றி, பாசன சபைகளும் மீனவர் சங்கங்களும் நீர்வளத் துறையினரும் மழைக்கு முன்னரே கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது உசிதம். வெள்ளம் வந்தபின் கூடுவதால் வாதமே மிஞ்சும்.

முடிவாகக் கூறுவது யாதெனில், ஆற்றில் வரும் நீரனைத்தும் கரைக்குள் நிறுத்தப்படுமாயின், கடைமடையில் உப்பு ஏறி, நிறுத்திய நீரின் பலனையும் ஒருநாள் கெடுத்துவிடும். மீஞ்சூர்க் கிணறுகள் அதனை நமக்கு முன்பே காட்டிவிட்டன. ஆதலின் வருகிற ஆவணிக்குள் ஒவ்வொரு கிராமத்தாரும் தத்தம் ஏரியில் ஒரு மடுவைக் குறித்து அதனைக் காப்பதென்று தீர்மானம் செய்வார்களாயின், இவ்வேலை நன்கு தொடங்கியதாகும்.